தாத்தாவின் குடியுரிமைப் பத்திரம்: முதலில் பார்க்க வேண்டியது ஐசியின் (அடையாள அட்டையின்) நிறம்

கேள்வியைச் சுருக்கிச் சொல்கிறேன். உங்கள் தாத்தா 1920களின் கடைசியில் நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கினார். சில ஆண்டுகள் பினாங்கைச் சேர்ந்த செபராங் பிறையில் ரப்பர்த் தோட்ட வேலை, பிறகு கோலாலம்பூர் செந்தூல் ரயில்வே பட்டறை. 1974இல் இறந்துவிட்டார். நீங்கள் குடும்ப வரலாறு எழுதுகிறீர்கள். குடியேறியவர்களின் ‘நேச்சுரலைசேஷன்’ பத்திரத்தில், அதாவது வெளிநாட்டவர் மனுப் போட்டுக் குடியுரிமை பெற்ற பத்திரத்தில், சொந்த ஊர், கப்பல் பெயர், வந்த தேதி எல்லாம் இருக்கும் என்று அமெரிக்க வழிகாட்டி ஒன்றில் படித்துவிட்டு, அந்தப் பத்திரம் இங்கே மலேசியாவில் எந்த அலுவலகத்தில் கிடைக்கும் என்று கேட்கிறீர்கள். இதற்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. அவர் எப்போது, எந்த வழியில் இந்நாட்டுக் குடிமகன் ஆனார் (ஆனாரா?) என்பது ஒன்று. அவருடைய சொந்த ஊர் எது என்பது மற்றொன்று. ஒரே தாள் இரண்டுக்கும் விடை சொல்லும் என்று நம்பிக் கிளம்புகிறவர்கள்தான் ஆறு மாதம் அலைகிறார்கள்.

முதலில் ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிவிடலாம். 1948க்கு முன் உங்கள் தாத்தாவுக்கு அப்படியொரு பத்திரம் இருந்திருக்கவே வாய்ப்பில்லை. சென்னை மாகாணத்தில் பிறந்தவர் பிறப்பாலேயே பிரிட்டிஷ் பிரஜை. பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களும் பிரிட்டிஷ் காலனி. ஒரு பிரிட்டிஷ் மண்ணிலிருந்து இன்னொரு பிரிட்டிஷ் மண்ணுக்கு வந்தவர் எதற்காக மனுப் போட வேண்டும்? அந்தக் காலத்து நேச்சுரலைசேஷன் சட்டம் அந்நியருக்கானது. பெரும்பாலும் சீனாவில் பிறந்த வணிகர்கள்தான் அதைப் பயன்படுத்தினார்கள். அதுவும் அமெரிக்காவைப் போல நீதிமன்றம் வழியாக நடந்ததல்ல, ஆளுநரிடம் மனுச் செய்து பெறுவது. ஆகவே பினாங்கு நீதிமன்றப் பதிவேடுகளில் தாத்தாவைத் தேட வேண்டாம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்களுக்கும் இதே நிலைதான், இலங்கையும் பிரிட்டிஷ் காலனி.

தமிழர்களில் இதற்கு விலக்கு உண்டு. காரைக்கால், புதுச்சேரிக்காரர்கள் பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டவர்கள், இங்கே சட்டப்படி அந்நியர்கள். பினாங்குத் தமிழ் முஸ்லிம் குடும்பங்கள் சிலவற்றுக்குக் காரைக்கால் வேர் உண்டு என்பதால் இதைக் கவனிக்க வேண்டும். அப்படிப்பட்ட தாத்தாவுக்கு 1920களிலேயே நேச்சுரலைசேஷன் மனு இருந்திருக்கலாம். புதுக்கோட்டை, திருவிதாங்கூர் போன்ற சமஸ்தானங்களில் பிறந்தவர்கள் பிரிட்டிஷ் பிரஜை அல்லர், பிரிட்டிஷ் பாதுகாப்புக்கு உட்பட்டவர்கள். வேலைக்கு வந்து போனவருக்கு நடைமுறையில் இதனால் பெரிய வேறுபாடு இருந்ததில்லை. ஆனால் பழைய பாஸ்போர்ட்டில் அந்தச் சொல்லைப் பார்த்தால் சொந்த ஊரைப் பற்றிய நல்ல தடயம் அது.

மலாயாவுக்கென்று ஒரு குடியுரிமை 1948 பிப்ரவரி 1 அன்று மலாயாக் கூட்டரசு ஒப்பந்தத்தோடுதான் நடைமுறைக்கு வந்தது. பினாங்கிலோ மலாக்காவிலோ பிறந்து நிலையாகத் தங்கிவிட்ட பிரிட்டிஷ் பிரஜைகளுக்கு அது தானாகவே கிடைத்தது. வெளியே பிறந்தவர் மனுப் போட வேண்டும். முந்தைய 20 ஆண்டுகளில் 15 ஆண்டு இங்கே வாழ்ந்திருக்க வேண்டும். மலாயோ ஆங்கிலமோ போதிய அளவு தெரிந்திருக்க வேண்டும். நிலையாகத் தங்கும் எண்ணத்தை உறுதிமொழியாகக் கொடுக்க வேண்டும். தோட்டத்துக்காரர்கள் பலருக்கு மொழியே தடையாக நின்றது. 1952 செப்டம்பரில் விதிகள் மாறின. மலாய் மாநிலங்களில் சுல்தானின் பிரஜையாகும் வழி மாநிலச் சட்டம் மூலம் திறந்தது. பினாங்கில் பிரிட்டிஷ் குடியுரிமைச் சட்டம்தான் அடிப்படையாக நின்றது. உங்கள் தாத்தா பினாங்கிலிருந்து சிலாங்கூருக்கு (கோலாலம்பூர் அப்போது அதில்தான் இருந்தது) மாறியவர் என்பதால் எந்த ஆண்டில் எங்கே இருந்தார் என்பது முக்கியம். 1953இல் செந்தூலில் இருந்தவருக்கும் பினாங்கின் பட்டர்வொர்த்தில் இருந்தவருக்கும் ஒரே சட்டம் பொருந்தாது, ஒரே அலுவலகத்தில் கோப்பும் இருக்காது.

பெரும்பாலான தமிழ்க் குடும்பங்களின் பத்திரம் 1957 மெர்டேக்காவுக்கு, அதாவது சுதந்திர நாளுக்கு, பிந்தியது. அரசியலமைப்பின் 16ஆம் பிரிவு, மெர்டேக்காவுக்கு முன் இங்கே பிறந்தவர்களுக்கான பதிவு. 17ஆம் பிரிவு, வெளியே பிறந்து மெர்டேக்கா நாளில் இங்கே வசித்தவர்களுக்கு. கடந்த 12 ஆண்டுகளில் 8 ஆண்டு வசித்திருந்தால் அவர்கள் பதிந்துகொள்ளலாம். முதல் ஓராண்டுக்குள் மனுச் செய்தவர்களுக்கு மொழி விதியில் தளர்வு இருந்தது. ம.இ.கா. (இந்தியர் காங்கிரஸ் கட்சி) கிளைகளும் தோட்டத் தொழிலாளர் சங்கமும் தோட்டந்தோட்டமாகப் போய் மனுப் பாரம் நிரப்பிக் கொடுத்த காலம் அது. 17ஆம் பிரிவு 1962ஆம் ஆண்டுத் திருத்தத்தால் நீக்கப்பட்டுவிட்டது, இன்றைய அரசியலமைப்புப் பிரதியில் வெறும் எண்தான் இருக்கும். நேச்சுரலைசேஷன் என்று சட்டம் சொல்வது 19ஆம் பிரிவை மட்டுமே. அதற்கு 12 ஆண்டுகளில் 10 ஆண்டு வசிப்பும் போதிய மலாய் அறிவும் வேண்டும். ஆகவே அரசு அலுவலகத்தில் ‘தாத்தாவின் நேச்சுரலைசேஷன் பத்திரம்’ என்று கேட்டால், எழுத்தர் 19ஆம் பிரிவுப் பதிவைப் பார்த்துவிட்டு ‘இல்லை’ என்று சொல்லிவிடக்கூடும். ‘குடியுரிமைப் பதிவுச் சான்றிதழ்’ என்று கேளுங்கள், மலாயில் ‘சிஜில் கெவார்கானெகாராஆன்’. எந்தப் பிரிவு என்று தெரியாவிட்டால், தெரியாது என்றே எழுதுங்கள். ஊகித்து எழுதும் பிரிவு எண் தேடலைத் தவறான அலமாரிக்கு அனுப்பிவிடும்.

அவர் மனுவே போடாமல் இருந்திருக்கலாம் என்பதையும் மறக்க வேண்டாம். இங்கேதான் ஐசியின் நிறம் வருகிறது. கம்யூனிஸ்ட் கிளர்ச்சியை ஒட்டிய 1948 அவசரகாலத்தில் எல்லாருக்கும் காகித ஐசி கொடுத்தார்கள். அதைக் கையில் வைத்திருந்ததால் ஒருவர் குடிமகன் ஆகிவிடவில்லை. 1960இல் பிளாஸ்டிக் உறையிட்ட புது ஐசி வந்தபோதுதான் குடிமக்களுக்கு நீலம், நிரந்தரவாசிகளுக்குச் சிவப்பு என்று பிரித்தார்கள். தாத்தாவுடையது நீலம் என்றால், 1960க்குள்ளோ அதன் பிறகோ எங்காவது குடியுரிமைப் பதிவு நடந்திருக்க வேண்டும். சாகும்வரை சிவப்பு என்றால் நீங்கள் தேடும் பத்திரம் உலகத்திலேயே இல்லை. ‘சிவப்பு ஐசி’ என்ற சொல்லை வீட்டுப் பெரியவர்கள் மறக்கவே மாட்டார்கள். பாட்டியோ பெரியப்பாவோ இருந்தால் முதலில் அவர்களைக் கேளுங்கள். குறிப்பாக 1969ஐப் பற்றிக் கேளுங்கள். குடிமக்கள் அல்லாதார் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் அப்போதுதான் நடைமுறைக்கு வந்தது. தோட்டத்தில் அண்டை வீட்டுக்காரர்கள் மூட்டை கட்டி ஊருக்குப் போன ஆண்டு அது. ‘அப்ப தாத்தாவுக்குப் பெர்மிட் எடுத்தோம்’ என்று யாராவது சொன்னால் விடை கிடைத்துவிட்டது.

சிவப்பு ஐசிக்காரர் எல்லாரும் அலட்சியத்தால் அப்படி இருந்தவர்கள் அல்லர். 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசியலமைப்பின் 8ஆம் பிரிவு, வெளிநாட்டில் வாழும் இந்திய வம்சாவளியினர் அங்குள்ள இந்தியப் பிரதிநிதி அலுவலகத்தில் இந்தியக் குடிமக்களாகப் பதிந்துகொள்ள வழி செய்தது. கோலாலம்பூரிலும் அப்படிப் பதிந்தவர்கள் இருந்தார்கள். ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்ற எண்ணம் உள்ளவர், மனைவி மக்களை ஊரில் விட்டு வந்தவர் அந்த வழியைத் தேர்ந்தெடுத்திருக்கலாம். வீட்டுப் பெட்டியில் 1950களின் இந்தியப் பாஸ்போர்ட் இருந்தால் அது மலேசியப் பத்திரத்தைவிட உங்களுக்குப் பயன்படும், ஏனென்றால் பிறந்த ஊர் அதில் எழுதியிருக்கும். தாத்தா சிவப்பு ஐசியாக இருந்தும் உங்கள் தந்தை குடிமகனாக இருப்பது எப்படி என்று குழம்பவும் வேண்டாம். மெர்டேக்கா நாள் முதல் 1962 செப்டம்பர் முடியும்வரை இங்கே பிறந்த பிள்ளைக்குப் பெற்றோர் யாராக இருந்தாலும் குடியுரிமை உண்டு. அதன்பின் பிறந்த பிள்ளைக்குப் பெற்றோரில் ஒருவர் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் போதும் என்பது அக்கால விதி.

இனி வேலை முறை. அசல் ஐசி வீட்டில் இருக்காது, இறந்தவரின் ஐசியை ஒப்படைத்துவிட வேண்டும் என்பது விதி. ஆகவே அடித்தளம் அவருடைய சூராட் மாத்தி, அதாவது இறப்புப் பத்திரம்தான். 1974ஆம் ஆண்டு இறப்புப் பத்திரத்தில் இருக்கும் ஐசி எண் பழைய 7 இலக்க எண். 12 இலக்க எண் 1990இல்தான் வந்தது, அதற்கு முன் இறந்தவருக்கு அது கிடையாது. இன்றைய இணையப் பாரங்கள் 12 இலக்கத்தை மட்டும் ஏற்றுக்கொண்டு பழைய எண்ணைத் தள்ளிவிடுவதுண்டு, அப்போது நேரில் போவதே வழி. இறப்புப் பத்திரம் காணாமல் போயிருந்தால் முதலில் அதன் நகலுக்கு மனுச் செய்யுங்கள். இறந்த இடம், ஆண்டு, முழுப்பெயர் இவை மூன்றும் வேண்டும். மருத்துவமனையில் இறந்திருந்தால் பதிவு அந்த மருத்துவமனை இருந்த வட்டாரத்தில் இருக்கும், வீடு இருந்த வட்டாரத்தில் அல்ல. இந்த ஒரு தவறே பலருடைய தேடலைக் கெடுத்திருக்கிறது.

அடுத்தது உறவுச் சங்கிலி. உங்கள் சூராட் பெரானா (பிறப்புப் பத்திரம்), அதில் தந்தை பெயர். தந்தையின் சூராட் பெரானா, அதில் தாத்தா பெயர். பிறகு தாத்தாவின் இறப்புப் பத்திரம். இவை ஒன்றோடொன்று எழுத்துக்கு எழுத்து பொருந்தாது, பொருந்தினால்தான் ஆச்சரியம். ஒரே முனுசாமியைத் தோட்டக் கிராணி (எழுத்தர்) ஒரு விதமாகவும் ஆஸ்பத்திரி எழுத்தர் இன்னொரு விதமாகவும் ஆங்கிலத்தில் எழுதியிருப்பார். ஒரு பத்திரத்தில் பிள்ளை, நாயுடு என்று ஒட்டு இருக்கும், இன்னொன்றில் இருக்காது. ‘இன்னார் மகன்’ என்பதற்கான ஆங்கில எஸ்ஓ பிற்காலத்தில் மலாய் ஏஎல் ஆகியிருக்கும். அவருடைய அப்பா பெயர் ஒரு தாளில் அவருடைய பெயராகவே பதிந்திருக்கும். எல்லா எழுத்துக்கூட்டலையும் ஒரே தாளில் எழுதி, எது எந்தப் பத்திரத்தில் உள்ளது என்று குறித்து, சத்தியப் பிரமாண ஆணையர் முன் சத்தியப் பிரமாணமாகச் செய்து எடுத்துக்கொண்டு போங்கள். இதோடு தேசியப் பதிவிலாகாவில், அதாவது ஜேபிஎன்னில், குடியுரிமைப் பிரிவில் எழுத்து மூலமாகத் தேடல் கேளுங்கள். கிளைகளில் மனுவை வாங்கினாலும் பழைய குடியுரிமைப் பதிவுகள் தொடர்பான முடிவு புத்ராஜெயா தலைமையகத்திலிருந்துதான் வரும். ‘குடும்ப வரலாற்றுக்காக’ என்று மட்டும் எழுதினால் மனு அடியில் போய்விட வாய்ப்புண்டு. ‘நேரடி வாரிசு, உறுதி செய்த நகல் வேண்டும்’ என்று எழுதுங்கள். மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் போட்டுத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். சான்றிதழ் எண் கிடைத்தால் அதற்குப் பின்னால் உள்ள மனுக் கோப்பையும் கேளுங்கள். சான்றிதழ் ஒற்றைத் தாள், அதில் பெயர், எண், தேதி, பிரிவு போன்றவைதான். ஊர், வந்த ஆண்டு, வசித்த தோட்டங்கள் எல்லாம் மனுவில்தான் எழுதியிருப்பார்கள். கோப்பு கிடைக்குமா என்பதற்கு யாரும் உறுதி தர முடியாது, ஆனால் கேட்காதவருக்கு நிச்சயம் கிடைக்காது.

அரசுக் காப்பகமான அர்க்கிப் நெகாரா கோலாலம்பூரில், முன்பு ஜாலான் டூத்தா என்று அழைத்த ஜாலான் துவாங்கு அப்துல் ஹாலிமில் இருக்கிறது. அங்கே தனிமனிதர் பெயரில் தேடி ஏமாந்து திரும்புகிறவர்கள் அதிகம். சிலாங்கூர் செயலகக் கோப்புகள், தொழிலாளர் இலாகாக் கோப்புகள் எல்லாம் பொருள்வாரியாகத் தொகுக்கப்பட்டவை. காப்பகத்தின் இணையப் பட்டியலில் தோட்டத்தின் பெயர், பழைய ஊர்ப்பெயர் (செபராங் பிறைக்கு ப்ராவின்ஸ் வெல்லெஸ்லி, கிள்ளான் துறைமுகத்துக்குப் போர்ட் ஸ்வெட்டன்ஹாம்), ஆண்டு என்று தேடுங்கள். நேச்சுரலைசேஷன் என்ற சொல்லை ஆங்கிலத்தில் எஸ் போட்டு ஒரு முறை, இஸட் போட்டு ஒரு முறை தேட வேண்டும். தாத்தா காரைக்கால்காரராக இருந்தால் மட்டும் லண்டன் கியூவில் உள்ள பிரிட்டிஷ் தேசியக் காப்பகத்துக்குப் போகலாம். நீரிணைக் குடியேற்றங்களின் கடிதங்கள் சி.ஓ. 273, அரசிதழ்கள் சி.ஓ. 276, சான்றிதழ் நகல்கள் எச்.ஓ. 334 என்ற வரிசைகளில் இருக்கின்றன. மற்றவர்கள் அங்கே பணத்தைச் செலவழிக்க வேண்டாம். செலவில்லாமல் செய்யக்கூடியது சிங்கப்பூர் தேசிய நூலக வாரியத்தின் பழைய நாளிதழ் இணையத் தொகுப்பில் தேடுவது. ஸ்ட்ரெய்ட்ஸ் டைம்ஸ், பினாங்கின் ஸ்ட்ரெய்ட்ஸ் எக்கோ, தமிழ் முரசு எல்லாம் அதில் உண்டு. குடியுரிமைக்கு மனுச் செய்பவர், ஆட்சேபம் உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று கொடுத்த சிறு விளம்பரங்களை அங்கே பார்க்கலாம்.

கிடைத்த தாளில் எதை நம்புவது? சான்றிதழின் தேதியை நம்பலாம், பிரிவு எண்ணை நம்பலாம், கையெழுத்தா கைநாட்டா என்பதை நம்பலாம். வயதை நம்ப வேண்டாம். பிறப்புப் பதிவு இல்லாமல் வந்தவருக்குத் தோட்டத்தில் முகத்தைப் பார்த்துப் போட்ட வயதே ஐசிக்கும் போயிருக்கும். வந்த ஆண்டையும் அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. தேவையான ஆண்டுக்கணக்கு நிரம்புமாறு சொல்லிக் கொடுத்திருப்பார்கள், இடையில் ஊருக்குப் போய் இரண்டு வருடம் இருந்துவிட்டு வந்ததைச் சொல்லியிருக்க மாட்டார்கள். 1938 ஜூனில் இந்திய அரசு உதவிபெற்ற தொழிலாளர் பயணத்தைத் தடை செய்தது. ஆகவே ‘1939இல் கங்காணி அழைத்து வந்தார்’ என்ற குடும்பக் கதைக்கு வேறு ஆதாரம் வேண்டும். அது இரண்டாவது பயணமாக இருக்கலாம். எல்லாரும் ரஜூலா கப்பலில் வந்ததாகச் சொல்வதும் அப்படித்தான். ரஜூலா 1926இல் கட்டிய கப்பல், 1970களின் தொடக்கம் வரை ஓடியது. அத்தனை காலம் ஓடிய கப்பலின் பெயர் எல்லார் நாவிலும் தங்கிவிட்டது. உங்கள் தாத்தா அதில் வந்திருக்கலாம். ஆனால் 1922இல் வந்தவர் அதில் வந்திருக்க முடியாது.

எல்லாவற்றையும்விடச் சந்தேகமாகப் பார்க்க வேண்டியது ‘பிறந்த இடம்: நாகப்பட்டினம்’ என்ற வரி. கப்பல் ஏறிய துறைமுகத்தையே பிறந்த ஊராக எழுதிவிட்ட பத்திரங்கள் ஏராளம். திருச்சி, சேலம், தென்னாற்காடு மாவட்டக்காரர்கள் பலரும் அந்தத் துறைமுகத்தில்தான் ஏறினார்கள். மாவட்டப் பெயரும் அன்றைய எல்லைப்படிதான். அப்போதைய தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து 1991இல் நாகப்பட்டினம் பிரிந்தது, 1997இல் திருவாரூர், 2020இல் மயிலாடுதுறை. ‘தஞ்சாவூர்’ என்று இருந்தால் இன்றைய இந்த நான்கு மாவட்டங்களையாவது பார்க்க வேண்டும். ஊரைக் கண்டுபிடிக்கக் குடியுரிமைக் கோப்பைவிட வீட்டுத் தாள்கள் மேல். ஊரிலிருந்து வந்த கடித உறை, அதில் உள்ள அஞ்சல் முத்திரை, பணம் அனுப்பிய மணியார்டர் ரசீது, பழைய கல்யாணப் பத்திரிகையில் பெயருக்கு முன் வரும் ஊர், குலதெய்வத்தின் பெயர். குலதெய்வமும் தாலுகாவும் சேர்ந்தால் கிராமம் அநேகமாக அகப்பட்டுவிடும். கத்தோலிக்கக் குடும்பமென்றால் ஞானஸ்நானப் பதிவேடு இருக்கும். உங்கள் விஷயத்தில் இன்னொரு வாய்ப்பும் உண்டு. ரயில்வே 1992 வரை அரசு இலாகாவாக இருந்தது. தாத்தா நிரந்தர ஊழியராக இருந்து பாட்டிக்குப் பென்ஷன் வந்திருந்தால், பொதுச் சேவை இலாகாவில் ஓய்வூதியக் கோப்பு இருந்திருக்கும், அதில் சேவைக் குறிப்பும் இருக்கலாம்.

கடைசியாகப் பாட்டி. கேள்வியில் அவரைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. குடிமகனின் மனைவி 15ஆம் பிரிவின்கீழ் பதிந்துகொள்ளலாம். அப்படிப் பதிந்திருந்தால் கணவர் குடிமகன் என்பதற்கு அத்தாட்சி காட்டியிருக்க வேண்டும், ஆகவே தாத்தாவின் சான்றிதழ் எண் பாட்டியின் கோப்பில் இருக்க வாய்ப்புண்டு. 1982 மார்ச்சுக்கு முன் கோயிலில் தாலி கட்டியதோடு முடிந்த கல்யாணங்கள் பல பதிவாகவில்லை. அதனால் திருமணச் சான்றுக்குப் பதிலாகக் கோயில் கடிதமோ பெரியவர்களின் சத்தியப் பிரமாணமோ வைத்திருப்பார்கள். அந்தத் தாளில் மாப்பிள்ளை இன்ன ஊர், இன்னார் மகன் என்று எழுதியிருக்கும். பாட்டி 1990க்குப் பிறகும் வாழ்ந்திருந்தால் அவருக்கு 12 இலக்க எண் இருக்கும், ஜேபிஎன்னில் அவரைத் தேடுவது தாத்தாவைத் தேடுவதைவிட எளிது. தேடல் மனுவை இரண்டாகக் கொடுங்கள், பாட்டியின் பெயரில் ஒன்று, தாத்தாவின் பெயரில் ஒன்று.